இணையப் பாடத்தை எல்லா மாணவருக்கும் எட்டும்படி அடுக்குவது எப்படி?

பாடத்தைத் தயாரித்தவருக்கு எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அதனாலேயே தன் பக்கத்தில் உள்ள குழப்பம் அவர் கண்ணில் படுவதில்லை. மாணவர் நிலைமை வேறு. ஒருவர் கைப்பேசியின் சின்னத் திரையில் பார்க்கிறார். ஒருவர் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளை வைத்துக் காதால் கேட்டுப் படிக்கிறார். இன்னொருவருக்குக் காது கேட்காது, காணொளியின் வசனவரிதான் அவருக்குப் பாடம். கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க முடியாதவரும் வகுப்பில் இருக்கலாம். இணையம் ஆமை வேகத்தில் வருகிறவர்கள் எப்படியும் இருப்பார்கள்.

இத்தனை பேருக்கும் தனித்தனிப் பாடம் தயாரிக்க வேண்டுமோ என்று புதிதாக வரும் ஆசிரியர்கள் மலைத்துப்போகிறார்கள். தேவையில்லை. கோப்பு ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் இவர்களில் பெரும்பாலோருக்கு வழி திறந்துவிடும். இப்படி எல்லோருக்கும் எட்டும்படி இருப்பதை அணுகல்தன்மை என்கிறார்கள். அதற்கென்று, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பு வெளியிட்ட டபிள்யு.சி.ஏ.ஜி. என்ற நெறிமுறை இருக்கிறது. அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று படிகள். கல்வி நிறுவனங்கள் பொதுவாக ஏஏ படியைத்தான் குறிவைக்கின்றன. முதல் நாளே அதை முழுதாகப் படிக்க உட்காராதீர்கள், தூக்கம்தான் வரும். கீழே உள்ள வேலைகளை இதே வரிசையில் முடித்துவிட்டு, சந்தேகம் வரும்போது அதைப் புரட்டிக்கொள்ளலாம்.

மாணவராக உள்ளே நுழையுங்கள்

எதையும் திருத்துவதற்கு முன் உங்கள் பாடப் பக்கத்தை மாணவர் கண்ணால் பாருங்கள். மூடுல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஆசிரியர் கணக்கிலிருந்தே மாணவர் பார்வைக்கு மாறும் வசதி உண்டு. வேறு தளமானால் மாணவர் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் திறந்து பார்ப்பது முக்கியம்.

உள்ளே போனதும் மூன்று கேள்விகள். இந்த வாரம் நான் எதைப் படிக்க வேண்டும்? எதை எழுதி அனுப்ப வேண்டும்? எந்தத் தேதிக்குள்? பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் விடை தெரியவில்லை என்றால், எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியவற்றின் முதல் பட்டியல் அதுதான்.

அடுக்கு முறையை முடிவு செய்து, நடுவில் மாற்றாதீர்கள்

வாரவாரியாகப் பிரிக்கலாம், பாடத் தலைப்புவாரியாகவும் பிரிக்கலாம். எது என்பதைவிட, எடுத்ததைக் கடைசிவரை காப்பாற்றுவதே பெரிது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஒரே வரிசை வரட்டும்: இந்தப் பகுதி எதைப் பற்றியது என்று இரண்டு வரி, பிறகு படிக்க வேண்டியது, பார்க்க வேண்டியது, செய்ய வேண்டியது, கடைசியில் சமர்ப்பிக்க வேண்டியது. இரண்டாம் பகுதிக்கு வருவதற்குள் மாணவருக்கு இந்த வரிசை பழகிவிடும். அதன்பின் அவர் தேடுவதில் நேரத்தைச் செலவழிக்க மாட்டார். பார்வையற்ற மாணவருக்கு இது இன்னும் பெரிய உதவி. பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் மேய்ந்துவிட அவரால் முடியாது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடிந்தால் பாதித் தூரம் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் மேலே "இங்கிருந்து தொடங்குங்கள்" என்று ஒரு பக்கம் வையுங்கள். பாடம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, சந்தேகம் கேட்க எங்கே எழுதுவது, வேறு வடிவில் பாடம் தேவைப்பட்டால் யாரிடம் சொல்வது, இவ்வளவு போதும். உங்கள் வாழ்க்கைக் குறிப்பை அங்கே வைக்காதீர்கள்.

கெடு தேதிகள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பாடத்திட்டக் கோப்பில் ஒரு தேதி, அறிவிப்பில் வேறு தேதி, சமர்ப்பிக்கும் பெட்டியில் மூன்றாவது தேதி என்று இருந்தால் மாணவர் தனக்கு வசதியானதையே நம்புவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. தேதியோடு நேரத்தையும், மாணவர்கள் பல நாடுகளில் இருந்தால் எந்த நாட்டு நேரம் என்பதையும் எழுதுங்கள். "நள்ளிரவு 12 மணி" என்பது எந்த நாளின் நள்ளிரவு என்ற சண்டை தீராது. "இரவு 11:59" என்று போட்டுவிடுங்கள்.

கட்டாயம் படிக்க வேண்டியதையும் விருப்பம் இருந்தால் படிக்கலாம் என்பதையும் கலந்து வைக்காதீர்கள். ஆர்வக்கோளாறில் பதினைந்து இணைப்புகளை வரிசையாகப் போட்டுவைத்தால் எது முக்கியம் என்று தெரியாமல் மாணவர் எதையுமே திறக்க மாட்டார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எழுதினால் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

கோப்புப் பெயர்களில் "புதியது", "இறுதி", "இறுதி2" எல்லாம் வேண்டாம். முதலில் எண், பிறகு பொருள், பிறகு வகை: "04_மின்னோட்டம்_குறிப்பு". 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். இல்லாவிட்டால் பல இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். திருத்திய கோப்பை ஏற்றும்போது பழையதன் இடத்திலேயே, அதே இணைப்பில் மாற்றுங்கள். புதிய கோப்பைக் கீழே ஒட்டிவிட்டுப் பழையதையும் விட்டுவைத்தால் வகுப்பில் பாதிப் பேர் பழையதைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

தடித்த எழுத்தெல்லாம் தலைப்பு ஆகாது

ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள். வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ ஒரு வரியைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நிறம் கொடுத்துத் தலைப்பு என்கிறோம். கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கு அது வெறும் பெரிய எழுத்து. திரைவாசிப்பான் அதைத் தலைப்பு என்று சொல்லாது.

அந்த வரியில் கர்சரை வைத்து, பாணிகள் பட்டியலில் "ஹெடிங் 1", "ஹெடிங் 2" என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு மென்பொருளிலும் முதல்நிலைத் தலைப்பு வந்துவிடும். பாடத்தின் பெயருக்கு 1, பெரும்பிரிவுக்கு 2, உட்பிரிவுக்கு 3. எழுத்து அளவு பிடித்திருக்கிறது என்பதற்காக 2-லிருந்து 4-க்குத் தாவக் கூடாது. அளவு பிடிக்கவில்லை என்றால் பாணியையே திருத்திக்கொள்ளலாம்.

இதனால் கிடைப்பது என்ன? என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் இணையப் பக்கத்தைப் படிக்கும்போது எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். தலைப்பே இல்லாத நாற்பது பக்கக் குறிப்பில் முப்பதாம் பக்கத்துச் சூத்திரத்தைத் தேட ஒருவர் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியிருக்கும். பார்வை உள்ளவருக்கும் லாபம் உண்டு: பக்கவாட்டில் தலைப்புப் பட்டியல் தானாகத் தோன்றும், பொருளடக்கம் ஒரு சொடுக்கில் உருவாகும்.

பட்டியல்களுக்கும் இதே கதைதான். 1, 2 என்று கையால் தட்டாமல் பட்டியல் பொத்தானைப் பயன்படுத்துங்கள். இடைவெளி விடுவதற்காக என்டர் விசையைப் பத்து முறை தட்டாதீர்கள். சில திரைவாசிப்பான்கள் ஒவ்வொன்றுக்கும் "வெற்று வரி" என்று சொல்லிக்கொண்டே போகும்.

எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்

தமிழில் பாடம் தயாரிப்பவர்கள் அதிகம் அடிபடும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதல் சிக்கல், ஸ்கேன் செய்த பி.டி.எஃப். புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து ஏற்றினால் கணினியைப் பொறுத்தவரை அது ஒரு புகைப்படம், உள்ளே எழுத்தே கிடையாது. தேட முடியாது, திரைவாசிப்பான் படிக்காது, கைப்பேசியில் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சொற்கள் தனித்தனியாகத் தேர்வாகவில்லை என்றால் அது படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸாகத் திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு மீட்டெடுக்கும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளுக்கும் தமிழ் தெரியும். இரண்டிலும் மெய்ப்புப் பார்க்காமல் வெளியிடக் கூடாது. ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் இடம் மாறிவிடும், புள்ளிகள் காணாமல் போகும்.

இரண்டாவது, பழைய எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய பாடம் பார்வைக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியல் வரும். திரைவாசிப்பானும் அந்தக் குவியலைத்தான் வாசிக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. மாற்றிய பின், தமிழுக்கு நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களையும் சூத்திரங்களையும் தனியாகப் பாருங்கள். கருவி அவற்றையும் தமிழ் என்று நினைத்து உருக்குலைத்திருக்கும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது, பலருக்குத் தெரியாதது. யூனிகோடில் சரியாகத் தட்டிய பாடம்கூட பி.டி.எஃப். ஆனபிறகு உள்ளுக்குள் கலைந்துவிடலாம். "கொடி" என்று எழுதும்போது கொம்பு ககரத்துக்கு முன்னால் தெரிகிறது. யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி அடுத்து. சில மென்பொருள்கள் பி.டி.எஃப். உருவாக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையையே பதிந்துவிடுகின்றன. அப்போது உள்ளே "ெகாடி" என்று இருக்கும். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. தேடினால் மட்டும் கிடைக்காது, திரைவாசிப்பானும் உளறும். சோதிக்க, பி.டி.எஃபில் கொ, தே, பெ போன்ற எழுத்துகள் உள்ள ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கலைந்து வந்தால் அந்த பி.டி.எஃபை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், மூல வேர்ட் கோப்பையும் பக்கத்தில் வையுங்கள். அதைவிட நல்ல வழி, பாடத்தைத் தளத்திலேயே இணையப் பக்கமாக எழுதிவிடுவது. கைப்பேசித் திரைக்கு ஏற்ப மடங்குவதும் அதுதான். பி.டி.எஃப். அச்சடிக்க விரும்புபவர்களுக்கான கூடுதல் வசதி என்பதோடு நிற்கட்டும்.

பி.டி.எஃப். வேண்டியே இருந்தால், அச்சிடும் வழியாக எடுக்காமல் வேர்டின் சேமிக்கும் பட்டியலில் உள்ள பி.டி.எஃப். வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே அமைப்புக் குறிகளைச் சேர்க்கும் தேர்வு இருக்கும். அது இருந்தால்தான் நீங்கள் பாடுபட்டுப் போட்ட தலைப்புகள் பி.டி.எஃபுக்குள்ளும் தலைப்பாகவே போய்ச் சேரும். அச்சிடும் வழியில் எல்லாம் உதிர்ந்துவிடும்.

கடைசியாக, ஆவணத்தின் மொழி தமிழ் என்று குறித்துவையுங்கள். அது ஆங்கிலம் என்று பதிவாகியிருந்தால், திரைவாசிப்பான் தமிழ்ப் பாடத்தை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும், அல்லது வாயே திறக்காது.

படமும் சூத்திரமும்

ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் விளக்கம், எழுத இடம் உண்டு. வேர்டில் படத்தின்மேல் வலச்சொடுக்கு செய்தால் தெரியும். எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றே: இந்தப் படத்தை எடுத்துவிட்டால் பாடத்தில் எது குறையும்? அந்தக் குறையை நிரப்பும் வாக்கியம்தான் மாற்றுரை. "வரைபடம்" என்று மட்டும் எழுதுவது வீண். "மின்னழுத்தம் கூடக் கூட மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடுவதைக் காட்டும் நேர்கோடு" என்று எழுதினால் பாடம் போய்ச் சேர்கிறது. "இது ஒரு படம்" என்று தொடங்க வேண்டாம், படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும்.

ஒரே படத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே மாற்றுரை பொருந்தாது. இலையின் குறுக்குவெட்டுப் படம் பாடத்தில் வந்தால் இலைத்துளை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதே படம் "அம்புக்குறி காட்டும் பகுதி எது?" என்ற தேர்வுக் கேள்வியில் வந்தால் அந்தப் பகுதி எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம், பெயரைச் சொன்னால் விடையைச் சொன்னதாகிவிடும். வெறும் அழகுக்காக வைத்த படத்தை அலங்காரம் என்று குறித்துவிடுங்கள், திரைவாசிப்பான் தாண்டிப் போய்விடும். அலங்காரப் படமே இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. மாணவரின் டேட்டாவும் மிச்சம்.

சிக்கலான விளக்கப்படத்தை மாற்றுரைக்குள் திணிக்க முயலாதீர்கள். முக்கியச் செய்தியை மாற்றுரையில் சொல்லிவிட்டு, விவரங்களைப் படத்துக்குக் கீழே பத்தியாகவோ அட்டவணையாகவோ கொடுங்கள். படத்தைப் பார்த்தும் புரியாதவர்களும் அதைப் படிப்பார்கள்.

சூத்திரங்களைப் படமாக ஒட்டுவதை நிறுத்துங்கள். வேர்டின் சமன்பாட்டுக் கருவியில் எழுதுங்கள். மூடுல் போன்ற தளங்களில், சூத்திரங்களை விசைப்பலகைக் குறிகளால் தட்டும் லேடெக் முறையில் எழுதினால், மேத்ஜாக்ஸ் என்ற மென்பொருள் அதைச் சூத்திரமாகக் காட்டும். பெரிதாக்கினாலும் மங்காது, திரைவாசிப்பானுக்கும் வாசிக்க வழி இருக்கிறது.

இணைப்பு, நிறம், அட்டவணை

"இங்கே சொடுக்கவும்" என்று இணைப்புக்குப் பெயர் வைக்காதீர்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்பதுண்டு. பன்னிரண்டு "இங்கே சொடுக்கவும்" கேட்டு அவர் என்ன செய்வார்? "மூன்றாம் பகுதிப் பயிற்சித்தாள், பி.டி.எஃப்., 2 எம்.பி." என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது ஏஏ படியின் விதி. 18 புள்ளிக்குக் குறையாத எழுத்துக்கும், 14 புள்ளிக்குக் குறையாத தடித்த எழுத்துக்கும் 3:1 போதும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் மயிரிழையில் தேறும், அதைவிட வெளிறினால் தேறாது. வெப்எய்ம் தளத்தில் இதை அளக்க இலவசக் கருவி உண்டு. நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லாதீர்கள். "சிவப்பில் உள்ளவை கட்டாயம்" என்பதைவிட, "கட்டாயம்" என்ற சொல்லையே பக்கத்தில் எழுதுவது நல்லது.

அட்டவணையைத் தகவலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறியுங்கள். கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்காதீர்கள்.

காணொளியும் ஒலியும்

பதிவு செய்யும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். "இந்தக் கோடு இப்படி வந்து இங்க முட்டுது பாருங்க" என்று பேசினால் பார்க்க முடியாதவருக்கு ஒன்றும் மிஞ்சாது. "வளைகோடு ஐந்தாவது நொடியில் கிடை அச்சைத் தொடுகிறது" என்று பேசிப் பழகுங்கள். திரையில் இருப்பதை வாயால் சொல்வது நல்ல கற்பித்தலும்கூட.

ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே ஏற்றாமல் கருத்துவாரியாக வெட்டுங்கள். வெட்ட நேரமில்லை என்றால், யூடியூபில் விவரப் பகுதியில் 0:00-இல் தொடங்கி நேரத்தையும் தலைப்பையும் வரிவரியாக எழுதினால் அத்தியாயங்களாகப் பிரிந்துவிடும். குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 10 நொடிக்குக் குறையக் கூடாது.

வசனவரி கட்டாயம். தானியங்கி வசனவரியைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், முடிவாக அல்ல. அது பிழைவிடுவது பெரும்பாலும் கலைச்சொற்களிலும் பெயர்களிலும் எண்களிலும்தான். பாடத்தில் முக்கியமானவையும் அவைதான். திருத்திய வசனவரியை அப்படியே உரையாகவும் கொடுத்துவிடுங்கள். காணொளியைத் திறக்கவே முடியாதவருக்கு அது போதும்.

ஒலியை மட்டும் தனிக் கோப்பாகக் கொடுப்பதும் நல்லது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்த காணொளி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 450 எம்.பி. இழுக்கும். அதே விரிவுரையின் ஒலி, நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில், 29 எம்.பி.க்குள் அடங்கிவிடும்.

தேர்வு

நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வில், கேட்டுப் படிப்பவருக்கும் ஒற்றைவிரலால் தட்டுபவருக்கும் கூடுதல் நேரம் தேவைப்படும். மூடுலில் குறிப்பிட்ட மாணவருக்கு மட்டும் நேரத்தை மாற்றும் வசதி இருக்கிறது. அதைத் தேர்வுக்கு முந்தைய நாளே அமைத்துவிடுங்கள். இழுத்துப் போடும் வகைக் கேள்விகளைச் சேர்க்கும் முன், விசைப்பலகையால் மட்டும் விடையளிக்க முடிகிறதா என்று நீங்களே செய்து பாருங்கள். அறிவுரைகளில் "வலப்பக்கப் பச்சைப் பொத்தான்" என்று எழுதாதீர்கள். பொத்தானின் பெயரைச் சொல்லுங்கள். கைப்பேசியில் அது வலப்பக்கத்தில் இருக்காது.

சரிபார்ப்பது

மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் பாடம் முழுக்கச் சுற்றி வாருங்கள். எங்கே நிற்கிறோம் என்பது திரையில் தெரிய வேண்டும், எங்கேயும் மாட்டிக்கொள்ளக் கூடாது. பிறகு உலாவியில் 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அமைப்பில் குறை.

அடுத்து, காதால் கேளுங்கள். விண்டோஸுக்கு என்விடிஏ இலவசம். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. திரையை அணைத்து வைத்துக்கொண்டு ஒரு பகுதியைத் தொடக்கம் முதல் சமர்ப்பிப்பு வரை செய்து பாருங்கள். வேர்டில் அணுகல்தன்மைச் சரிபார்ப்பான் இருக்கிறது, அதையும் ஓட்டுங்கள். ஆனால் மாற்றுரை விஷயத்தில், அப்படி ஒன்று இருக்கிறதா என்று மட்டும்தான் சரிபார்ப்பான் பார்க்கும். அந்த மாற்றுரை பொருளுள்ளதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எங்கே தொடங்குவது?

ஏற்கெனவே குவிந்து கிடக்கும் பழைய கோப்புகளைப் பார்த்தால் கைகால் ஓடாது. அவற்றை இப்போதைக்குத் தொடாதீர்கள். அடுத்த வாரம் வகுப்புக்குப் போகும் பாடத்தை மட்டும் சரிசெய்யுங்கள், அதற்கடுத்த வாரம் அதற்கடுத்ததை. இனி புதிதாக உருவாக்கும் எதையும் தலைப்பும் மாற்றுரையும் போட்டே உருவாக்குங்கள். பழைய ஸ்கேன்களில் எல்லோரும் திறப்பவற்றை இரண்டாவதாக எடுக்கலாம். யாருமே திறக்காதவற்றை மாணவர் கண்ணில் படாமல் மறைத்துவிடுவதே திருத்தம்.

வகுப்பு தொடங்கும் வாரத்தில் எல்லா மாணவருக்கும் பொதுவாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "பாடக் கோப்பு எதையாவது திறக்கவோ படிக்கவோ கேட்கவோ சிரமமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, எந்தக் கோப்பு, எந்த வடிவில் வேண்டும் என்று சொன்னால் போதும்." காரணம் கேட்டால் பலர் எழுதவே மாட்டார்கள். வரும் பதில்களை ஒரு தாளில் சேர்த்து வையுங்கள். அடுத்த பருவத்துக்குப் பாடத்தை நகலெடுக்கும்போது இணைப்புகள் உயிரோடு இருக்கின்றனவா, தேதிகள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பதோடு அந்தத் தாளையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்காருங்கள்.